ஒரே நாளில் பிறந்த மூவர்

சென்ற செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் மாலை, விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் ஒரு சிறு விருந்து நடந்தது. முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அன்று பிறந்த நாள். தம்பி நன்றாகக் கிடார் வாசிப்பவர். ஆனால் அன்று அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. காரணம் எனக்குத் தெரியும். முதல் நாள் மாலையில்தான் நம் மன்றத்தின் விழாக் குழு கூடியது. ஆண்டு விழாவில் கிடார் வாசித்துக்கொண்டு தமிழ்ப் பாட்டு ஒன்று பாட இசைவு வேண்டும் என்று தம்பி கேட்டார். “நாம் பிறந்த இசை நமக்கு இருக்கிறது. கிடார் அவர்களுடைய இசை. அதற்கு இந்த வளாகத்தில் வேறு மேடைகள் உண்டு” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். குழு தலையசைத்தது. குழுவில் நானும் ஒருவன். நானும் தலையசைத்தேன்.

விருந்தில் வேதியியல் நண்பர் ஒருவர் தம்பியைத் தேற்ற முன்வந்தார். கைப்பேசியில் எதையோ தேடிப் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி படித்தார். “தம்பி, கவலையை விடு! நீ பிறந்த நாள் இசைக்கென்றே அமைந்த நாள். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன், 1926 செப்டம்பர் 23. கண்ட்ரி இசையைக் கறுப்பர் குரலில் பாடிக் காட்டிய ரே சார்லஸ், 1930 செப்டம்பர் 23. ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 1949 செப்டம்பர் 23. உன் தலையெழுத்தில் இசை இருக்கிறது; அதைக் குழுவா அழிக்க முடியும்?” எல்லாரும் கைதட்டினார்கள். தம்பியும் சிரித்துவிட்டார்.

நான் அறைக்குத் திரும்பினேன். உறக்கம் வரவில்லை. முதல் நாள் மூத்தவர் சொன்னதும் மறுநாள் நண்பர் சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றின. எண்ண எண்ண, இரண்டும் ஒன்றே என்று தெளிந்தேன். பிறப்பு உனக்கு இதைத் தடுக்கிறது என்றார் ஒருவர். பிறப்பு உனக்கு இதைத் தருகிறது என்றார் மற்றவர். இருவரும் பிறப்பையே நீதிபதியாக்கினார்கள். அந்த மூவரின் வாழ்க்கையோ இருவர் கூற்றையும் ஒருங்கே மறுக்கிறது. அதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் அறையில் 23 பேர் இருந்தால் போதும். அவர்களுள் எவரேனும் இருவர் ஒரே நாளில் பிறந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். நம் மன்றக் கூட்டத்துக்கு 23 பேர் வந்தாலே போதும். வருவதில்லை என்பது வேறு கதை. காரணம் எளிது. 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணையும் பொருத்தத்துக்கு ஒரு வாய்ப்பு. புகழ்பெற்ற இசைவாணர் ஆயிரவரை எடுத்தால், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சராசரி இரண்டு மூன்று பேர் வந்து விழுவார்கள். எந்த நாளைத் தொட்டாலும் பட்டியல் உண்டு. செப்டம்பர் 23-க்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. எனக்கு வயது 23, கணக்கிலும் 23, தேதியும் 23 என்று நான் வியக்கத் தொடங்கினால், நண்பர்கள் என்னை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றிவிட வேண்டியதுதான்.

“ஆங்கிலத் தேதியை விடு, நம் கணக்கு நட்சத்திரக் கணக்கு” என்பார் சிலர். நல்லது, வானத்தையே பார்ப்போம். கோல்ட்ரேன் பிறந்தது முழுநிலவு கழிந்த ஓரிரு நாளில். ரே சார்லஸ் பிறந்ததோ அமாவாசைக்கு மறுநாள். ஆகவே தேதி ஒன்றானாலும் அவ்விருவருக்கும் நிலவு வானின் எதிரெதிர்ப் பக்கங்களில். இனி ரே சார்லசுக்கும் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் இடையே உள்ள ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சரியாக 19. பத்தொன்பது ஆண்டுக்கு ஒரு முறை, அதே தேதியில் நிலவு ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பது வானியல் அறிந்த பழைய செய்தி. ஸ்பிரிங்ஸ்டீன் பிறந்ததும் அமாவாசைக்கு மறுநாளே. கதிரவனும் நிலவும் இருவருக்கும் அருகருகே நின்றன. அவர்கள் வாழ்க்கை அருகருகே நின்றதா?

ரே சார்லஸ் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் பிறந்து, புளோரிடாவின் கிரீன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தாய் பிறர் துணி துவைத்துப் பிழைத்தவர். தம்பி தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்ததை அந்தச் சிறுவன் கண்ணால் கண்டான். ஏழு வயதுக்குள் அந்தக் கண்களும் போயின. பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி. நிறத்தைக் காண இயலாத குழந்தைகளையும் நிறத்தால் பிரித்த கொடுமையை என்னென்பது! பதினைந்து வயது நிறையுமுன் தாயையும் இழந்தார்.

ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் பிறந்த வெள்ளையர். பேருந்து ஓட்டியும் வேறு வேலைகள் பார்த்தும் திண்டாடிய தந்தை, வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்த தாய். வறுமை உண்டு, ஆயினும் எந்தக் கடை வாசலும் நிறம் கேட்டு அவரைத் தடுத்ததில்லை. கோள்கள் ஒன்றாக நின்றும் வாழ்க்கை ஒன்றாகவில்லை. வாழ்க்கையை வகுத்தது வானம் அன்று. தரையில் மனிதர் போட்ட வேலி.

நிற்க. இசைக்கும் அந்த வேலி போடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1920-களில் இசைத்தட்டு வணிகம் வளர்ந்தபோது, நிறுவனங்கள் இரண்டு பட்டியல்கள் அச்சிட்டன. கறுப்பர்களுக்கு விற்கும் தட்டுகளுக்கு ‘இனத் தட்டுகள்’ என்று பெயர். தெற்கத்திய வெள்ளை நாட்டுப்புறத்தாருக்கு விற்பவற்றுக்கு ‘மலைநாட்டார் இசை’ என்று பெயர். 1949-இல்தான் பில்போர்டு என்னும் வணிக இதழ் ‘இன’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்றும் ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்றும் பெயர் மாற்றியது. பெயர் மாறியது, வேலி நின்றது. பாடுகிறவர்களோ தொடக்க முதலே வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கண்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது, உடன் டிரம்பெட் ஊதியவர் ஜாஸ் மன்னர் லூயி ஆம்ஸ்ட்ராங். கண்ட்ரி இசையின் அடையாளமாகிய பேஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரோடு கடல் கடந்து வந்த கருவி. ‘அவர்கள் இசை’ என்று எதைச் சொல்வது?

மூவரும் இந்த வேலிக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ரே சார்லஸ் சிறுவனாக இருந்தபோது, சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் கண்ட்ரி நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர். 1940-களின் இறுதியில் வெள்ளையரின் கண்ட்ரி குழு ஒன்றில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். 1961-இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. நடனத் தளம் வெள்ளையருக்கு, மாடம் கறுப்பருக்கு என்று அறிந்தார். அவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் தந்தி அனுப்பி அதை அவருக்கு உணர்த்தினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர் பாட மறுத்தார். பின்னர் அபராதமும் கட்டினார். மறு ஆண்டே, 1962-இல், கண்ட்ரி பாட்டுகளைத் தம் குரலில் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நிறுவனத்தார் தயங்கினார்கள். அவர் கேட்கவில்லை. அத்தட்டில் உள்ள ‘ஐ காண்ட் ஸ்டாப் லவ்விங் யூ’ ஐந்து வாரம் நாட்டின் முதலிடத்தில் நின்றது. அதை இயற்றிய டான் கிப்சன் வெள்ளையர், கண்ட்ரி பாடகர். பாடியவர் கறுப்பர். கேட்டவர் எல்லாரும். 1979-இல் ஜார்ஜியா மாநிலம், அவர் பாடிப் புகழ் சேர்த்த ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ பாட்டைத் தன் மாநிலப் பாட்டாக ஏற்றது. 2004-இல் அவர் மறைந்தார். 2021-இல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்துக்கும் அவர் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கோல்ட்ரேன் தையற்காரரின் மகன். பன்னிரண்டு வயதில் சில திங்களுக்குள் தந்தையையும் நெருங்கிய உறவினர் சிலரையும் சாவுக்குக் கொடுத்தவர். போதைப் பழக்கத்தில் வீழ்ந்து 1957-இல் அதிலிருந்து மீண்டவர். அவர் ஜாஸ் வேலிக்குள் அடங்கி இருந்தாரா? நாடக மேடைப் பாட்டாகிய ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்பதை எடுத்து, சாக்சஃபோனில் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் விரித்து வாசித்தார். நம் நாட்டு இசையை விரும்பிக் கேட்டார். 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வாங்கார்டு இசைக்கூடத்தில் வாசித்த ஓர் உருப்படிக்கு ‘இந்தியா’ என்றே பெயரிட்டார். 1965-இல் பிறந்த தம் மகனுக்கு, சிதார் மேதை ரவிசங்கரை எண்ணி ரவி என்று பெயர் வைத்தார். அதே 1961-இல், ஜாஸ் இதழாகிய டவுன் பீட்டில் ஒரு விமரிசகர் அவர் வாசிப்பை ‘எதிர் ஜாஸ்’ என்று ஏசினார். வேலிக்காரர் இல்லாத ஊர் எது? கோல்ட்ரேன் 1967-இல், தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். இன்று ஜாஸ் பயில்வோர் அவரைக் கல்லாமல் ஜாஸ் கற்பதில்லை.

ஸ்பிரிங்ஸ்டீனை உலகறியச் செய்த 1975-ஆம் ஆண்டின் ‘பார்ன் டு ரன்’ உறையில், கறுப்பினச் சாக்சஃபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்சின் தோளில் சாய்ந்து நிற்கிறார். 1982-இல் வீட்டில் இருந்தபடியே சிறு கேசட் கருவியில் கிடாரும் குரலுமாகப் பதிந்த ‘நெப்ராஸ்கா’, ராக்கை விட்டு நாட்டுப்புறப் பாட்டின் பக்கம் நடந்தது. 1985 ஜனவரியில், பஞ்சத்தில் வாடிய ஆப்பிரிக்க மக்களுக்காகப் பலர் கூடிப் பாடிய ‘வீ ஆர் தி வேர்ல்டு’ பதிவில் ரே சார்லசும் ஸ்பிரிங்ஸ்டீனும் ஒரே அறையில் நின்று பாடினார்கள். அவர்களை அங்கே சேர்த்தது தேதியா? இல்லை, பிறர் பசி. 1988 செப்டம்பர் 30-இல், மனித உரிமைக்காக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் நடத்திய இசைப் பயணத்தில் அவர் டெல்லியிலும் வந்து பாடினார்.

இனி என் மனத்தில் உறுத்தும் ஓர் எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூத்தவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. என் தந்தை நெல்லைச் சீமையிலிருந்து உருக்காலை வேலைக்காக ஜாம்ஷெட்பூர் வந்தவர். வாசற்படி தாண்டினால் தமிழ் கேட்காத தெருவில் வளர்ந்தவன் நான். ஆண்டுக்கு ஒரு முறை, தமிழர் கூடும் மண்டபத்தில் நாகசுரம் ஒலிக்கும்போது அம்மாவின் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளும் போய்விடுமோ என்ற அச்சம் பொய்யன்று. வெளியூர்த் தமிழனுக்கே அது விளங்கும்.

ஆனால் அச்சம் வேறு, அளவுகோல் வேறு. ரே சார்லஸ் கண்ட்ரி பாடியபோது தம் குரலைத் தொலைத்தாரா? கண்ட்ரி பாட்டுத்தான் அவர் குரலுக்கு வந்து சேர்ந்தது. கிடாரோடு தமிழ் பாடினால் தமிழ் ஏன் குறைய வேண்டும்? பாட்டு நன்றாக இல்லை என்றால் மறுப்போம். பயிற்சி போதாது என்றால் காத்திருக்கச் சொல்வோம். ‘நீ பிறந்த இடம் இது, ஆகவே நீ தொடக்கூடிய கருவி இது’ என்று மட்டும் சொல்ல வேண்டா. அச்சொல் எங்கெங்கே எவரெவரைத் தடுத்திருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்று கிடாரை மறுக்கும் அதே சொல், நாளை பறையோடு வரும் ஒருவரிடம் ‘இது மேடைக்கு ஏற்றதன்று’ என்றும் சொல்லும்.

தம்பிக்கும் ஒரு சொல். அந்த மூவர் பிறந்த நாளில் பிறந்தது உமக்குப் பெருமை அன்று. உம் விரல் நுனியில் காய்த்திருக்கும் தழும்பே பெருமை. நண்பர் படித்த பட்டியலை மறந்துவிடுங்கள். நாள்தோறும் இரவு பத்து மணிக்கு எதிர் அறையிலிருந்து கேட்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். என் படிப்பு கெட்டாலும் குற்றமில்லை.

விழாக் குழு அடுத்த வாரம் மீண்டும் கூடுகிறது. நிகழ்ச்சி நிரல் இன்னும் முடிவாகவில்லை. சென்ற முறை தலையசைத்தவருள் ஒருவன், இம்முறை கை உயர்த்தித் தன் கருத்தை மாற்றிக்கொள்ள இருக்கிறான். உடன் கை உயர்த்துவோர் எத்தனை பேர்?