மலை தந்ததை மலைப்பாதையில் இழக்கலாமா?

சேலத்தில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும் நாளிலும், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. கரடியூர் போன்ற சேர்வராயன் மலையூர்களில் பன்றி வளர்க்க முன்வருவோருக்கு இது செலவில்லாமல் கிடைக்கும் வசதி. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. மூச்சிரைத்தும் ஈரத்தில் புரண்டும்தான் தணித்துக்கொள்ளும். வளர்ந்த வெண் யார்க்‌ஷயர் இனப் பன்றிக்கு 18 முதல் 22 டிகிரி வரை இதமானது. வெப்பம் அதைத் தாண்டி ஏறினால் டிகிரிக்கு 40 முதல் 80 கிராம் வரை அன்றாடத் தீவனம் குறையும். விற்பனை எடைக்கு வர நாள் பிடிக்கும்.

அதே குளிர் குட்டிக்கு எமன். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் ஈரத்தரையில் கிடக்கும் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். சீம்பால் குடிக்கத் தெம்பின்றித் தாயின் அடியில் நசுங்கும். சுவரிலுள்ள வெப்பமானியைவிடக் குட்டிகள் படுத்திருக்கும் விதமே சரியான கணக்கைச் சொல்லும். உலர்ந்த வைக்கோல், சூட்டு விளக்கு, தரைமட்டக் காற்றைத் தடுக்கும் படுதா ஆகியவை அவசியம். ஆனால் கூரையோரத்தை அடைத்துவிட்டால் அம்மோனியா தேங்கி இருமல் தொடங்கும்.

மாதக்கணக்கில் குளிரில் வளர்த்த பலனைச் சில மணி நேரத்தில் தொலைக்கவும் முடியும். உச்சி வெயிலில், நெருக்கி ஏற்றிய வண்டியில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துச் சூட்டில் இறங்கும் பன்றியை உடனே அறுத்தால், தசையில் அமிலம் வேகமாகச் சேரும். உடல் சூடு ஆறுமுன், 45 நிமிடத்துக்குள், பி.எச். 6-க்குக் கீழே போனால் புரதம் சிதைந்து, வெளிறித் தளர்ந்து நீர் கசியும் இறைச்சியே மிஞ்சும். நெடுநேரம் அலைக்கழிந்து களைத்த பன்றியிலோ நேரெதிராக, கறுத்து இறுகிச் சீக்கிரம் கெடும் இறைச்சி கிடைக்கும்.

எனவே விடியுமுன் ஏற்றுங்கள். முதல் நாள் இரவே தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். அறுக்குமுன் நிழலில் இரண்டு மணி நேரமாவது இளைப்பாற விடுங்கள்.

உயிர் எடைக்கு விலை பேசும்வரை இந்த நட்டம் வளர்ப்பவர் கண்ணில் படாது. இறைச்சிக் கடைத் தட்டில்தான் வடியும். அறுவைக் கூடங்களில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள் 45-ஆம் நிமிட பி.எச். அளவைக் குறித்து, பன்றி வந்த பண்ணைக்கே தெரிவிக்கும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும். தரத்துக்கு விலை கேட்க வளர்ப்பவருக்கு அந்த எண்தான் ஆதாரம்.