அண்ணாமலைக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியிடை எதிர்ப்பட்ட வறியோனுக்குத் தான் சென்ற நெறியையும் கண்ட ஊர்களையும் உண்ட உணவையும் எடுத்துரைத்து, நீயும் ஆண்டுச் செல்க என விடுப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து இவ்வகையின. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் எந்நிலத்தைப் பாடிற்று என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். நன்னன் ஆண்ட செங்கண்மா என்னும் பழம்பதி, இன்று திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கமே. அப்பாட்டிலே வரும் சேயாறு இன்றும் செய்யாறு என்ற பெயரோடு ஓடுகின்றது. நவிரமலை இந்நாளைய பருவதமலையே என்பர் ஆராய்ச்சியாளர்.

நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் குழுவிலே பெண்டிரும் சிறுவரும் உளர். சுமந்து செல்லும் இசைக்கருவிகளும் பல. இதனை மறவாத புலவர் பெருங்கௌசிகனார், வழி நன்று, செல்க எனப் பொதுவிற் கூறி அமைந்தாரல்லர். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியாதலின் விடியுமளவும் தங்கிச் செல்க என்கிறார். பாசி படர்ந்து வழுக்குமிடத்தில் மூங்கிற்கோலைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். ஆழ்ந்த மடுவின் ஓரத்திலே கொடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்து நடக்கச் சொல்கிறார். வழி பிரியுமிடத்தில் பின்வருவோர் மயங்காதபடி புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லவும் சொல்கிறார்! வழிநெடுக விருந்திடுவோரும் அரசனுடைய ஏவலாளர் அல்லர். அம்மலையிலும் முல்லையிலும் மருதத்திலும் வாழும் குடிகளே தத்தம் உணவைத் தத்தம் மனையில் இடுகின்றனர். சுற்றுலா என்னும் சொல் பிறவாத காலத்தே, நடப்போருள் தளர்ந்தவரை எண்ணி வழி கூறப்பட்டது. வழியிலுள்ள சிற்றூர்க்கே விருந்தோம்பும் பேறும் உரியதாயிற்று. இவ்விரண்டும் இன்று அந்நிலத்திற் குறைந்துவிட்டன என்பதே எமது முறையீடு.

இன்றைய நிலையைக் காண்போம். மலையைச் சுற்றியுள்ள வலப்பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் ஈறாக எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் அதன்மேல் அமைந்துள்ளன. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் மாலையில் வந்து, இரவெல்லாம் நடந்து, விடியற்காலையில் பஸ்ஸும் ரயிலும் ஏறி நீங்குகின்றனர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வழியாக நேரே ரயில் விடப்பட்டபின் வரவு இன்னும் எளிதாயிற்று. ஏழைகள் சிறு கட்டணத்தில் வந்து போதற்கு வழியுண்டானதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் இரவில் ஒரு வட்டத்துள் இத்துணைப் பேர் திரளுவதால் ஊருக்கு எஞ்சுவது யாது? காலையில் தெருக்கூட்டுவோர் வாரும் குப்பையைக் கண்டோர் அதற்கு விடை கூறுவர். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் இம்மாநிலத்தில் விலக்கப்பட்டதென்பது ஏட்டில் இருக்கின்றது.

இவ்விடத்திலே பிற நாட்டு வழக்கம் ஒன்றை நோக்குதல் தகும். ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகு நகரிலுள்ள அப்போஸ்தலர் யாக்கோபின் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் யாத்திரிகர் செல்கின்றனர். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து வந்தவர்க்கே அங்கே யாத்திரைச் சான்றிதழ் வழங்கப்படும். சைக்கிளில் வருவோர்க்கு 200. விதி சிறிது, விளைவு பெரிது. 100 கிலோமீட்டர் நடப்பவன் நாலைந்து இரவுகள் வழியூர்களில் தங்கியே தீரவேண்டும். அவ்வூர்களில் உண்ணவும் வேண்டும். அவன் செலவிடும் காசு ஒரு நகரத்தில் முடங்காமல் வழியெங்கும் சிந்துகின்றது. நம்மூர்க்கு அவ்விதியை அப்படியே கொணர்க என்று யாம் கூறவில்லை. கால்வலி கண்டோர் எம்மை ஏசுவர். நெறியொன்று வகுத்தால் கூட்டம் தானே பரவும் என்பதற்கு அதனைக் காட்டினோம்.

இங்கோ நெறி புதிதாக வகுக்கவும் வேண்டுவதில்லை. அண்ணாமலையை வலம்வருதற்கு எந்நாளும் உரியது என்பதே பழைய மரபு. ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு பயன் சொல்லும் வழக்கும் உண்டு. பௌர்ணமியொன்றே நாள் என்ற எண்ணம் பெருகியதும், இத்துணைப் பெருந்திரள் கூடியதும் சென்ற சில பத்தாண்டுகளில் நேர்ந்தனவே. கோயிலாரும் அரசினரும் பழைய மரபையே எடுத்துச் சொல்லட்டும். சமயத்தால் வேறாகிய யாம் இதனைக் கூறுவது மிகையெனச் சிலர் கருதலாம். எச்சமயத்தார் வகுத்த பாதையாயினும், அதன்மேல் நடக்கும் முதியோர் படும் துன்பம் எல்லார்க்கும் பொதுவன்றோ?

அம்முதியோரைப் பற்றியே சிறிது விரித்துக் கூற விரும்புகிறோம். பெருங்கூட்டத்து நாளில் ஊன்றுகோலோடு நடப்பவனும், சக்கர நாற்காலியில் வருபவனும், கண்ணிழந்தவனும் அப்பாதையிற் புகவும் அஞ்சுவர். மற்றை நாள்களிலோ, வலப்பாதை பெரும்பாலும் சமதளமாதலின், தமிழகத்து மலைத்தலங்களுள் இவர்கட்கு இத்துணை இசைந்த இடம் வேறு அரிது. படி ஏறாமலே மலையைக் கண்ணாரக் கண்டு சுற்றி வரலாம். குறையாவது யாது? இருக்கை, நிழல், கைப்பிடியுள்ள கழிப்பிடம், தடையின்றி நீண்டு செல்லும் நடைமேடை ஆகியவையே. எட்டு லிங்கங்களும் எட்டுத் தங்குமிடங்களாக முன்னோரால் தூரம் பகுக்கப்பட்டுக் கிடக்க, அவ்வெட்டிடத்தும் இவற்றை முறையாக அமைப்பதில் வருத்தம் என்ன? பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக்கப் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுத் தவணை தந்தது. விதிகள் வெளிவந்த 2017-லிருந்து எண்ணினும் தவணை கடந்துவிட்டது.

ஆனால் வசதி என்றவுடன் பாதையை அகலமாக்குதலையே நினைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. முன்னர் அவ்வாறு அகலமாக்க மரங்களை வெட்டத் தொடங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்தது. நடப்பவனுக்கு வேண்டுவது நிழல். அகலம் வேண்டுவது மோட்டார் வண்டிக்கு.

மலையின் பொறுமைக்கும் எல்லையுண்டு. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், பெஞ்சல் புயல் கொணர்ந்த மழையிலே மலைச்சரிவின் மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறுவர். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று பொதுமக்கள் 2668 அடி உயரமுள்ள அம்மலைமீது ஏற அனுமதிக்கப்படவில்லை. அடிவாரத்தே விடுதியும் கடையும் நெருங்கி மனையின் விலை ஏறும்போது, வறியோர் சரிவை நோக்கியே நகர்கின்றனர். விருந்தினர்க்கு இடம் தந்து, தாம் பாறையின்கீழ் உறங்கும் நிலைக்குச் செல்வம் என்று பெயரிடலாகுமோ?

ஆதலின் கூட்டத்தை நாளாற் பகுப்பதோடு இடத்தாலும் பகுக்கவேண்டும் என்பது எம் கருத்து. செங்கத்தைச் சூழ்ந்த வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நிற்கின்றன. 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டது. தென்பெண்ணைமேல் 1958-இல் முடிந்த சாத்தனூர் அணை உண்டு. வடமேற்கே ஜவ்வாது மலையிலே சாமை விளைக்கும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவற்றுள் அணையொன்றையே பலரும் காண்கின்றனர். மலைக்கிராமத்து வீட்டிலே ஓரிரவு தங்கிச் சாமைச்சோறு உண்ணவும், அவ்வூர் இளைஞனே வழிகாட்டி அதற்குரிய கூலி பெறவும் ஏற்பாடு செய்தால், மலைமேல் சிமெண்டு மாளிகை ஒன்றும் வேண்டா. எத்தனை பேர் வரலாம் என்பதை அவ்வூராரே வரையறுக்கவேண்டும். வெளியூர் முதலாளியின் கையில் இது சிக்குமாயின், பழங்குடியினர் தம் மண்ணிலே பாத்திரம் கழுவுவோராவர். உதகையும் கோடைக்கானலும் நமக்கு முன்னே கிடக்கும் பாடங்கள்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய நாமும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மலைபடுகடாத்தின் 583 அடிகளையும் கையிற்கொண்டு, வரும் கோடை விடுமுறையிலே செங்கம் முதல் பருவதமலை அடிவாரம் வரை ஒரு குழுவாக நடந்து, எவ்வூரில் குடிநீர் உண்டு, எந்நடுகல்லுக்குச் சக்கர நாற்காலி செல்லும், எவ்வேற்றம் முதியோர்க்கு ஆகாது என்பவற்றைக் குறித்துத் தமிழிலே சிறு கைந்நூலாக அச்சிடலாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியரை வகுப்பறையில் ஓதிய நமக்கு அவ்வழியில் ஐயம் தீர்ப்பார் அவ்வூர் ஆடு மேய்ப்போரே. விருப்பமுடைய மாணவர் இப்பருவம் முடியுமுன் தமிழ் மன்றத்தாரிடம் பெயர் தருவார்களாக.