முதல் பட்டாம்பூச்சியிடம் பலன் கேட்காதீர்கள்



பொங்கல் முடிவதற்குள் ஒரே வாட்ஸ்அப் செய்தி நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. வருடத்தில் முதலில் கண்ணில் படும் பட்டாம்பூச்சி மஞ்சள் என்றால் பணம் வருமாம். வெள்ளை என்றால் நிம்மதியாம். கறுப்பு என்றால் துக்கச் செய்தியாம். அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். வாத்தியார் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் சொல்லப்படும் கதை. அங்கே உறைபனிக் காலத்தில் பட்டாம்பூச்சி பறக்காது. முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ வளர்ந்த பூச்சியாகவோ எங்காவது ஒடுங்கிக் கிடக்கும். பனி விலகி முதல் பூச்சி வெளியே வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். அதன் நிறத்துக்குப் பலனும் சொன்னார்கள். திருவண்ணாமலையில் வருடம் முழுக்கப் பறக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் துளிர்த்த இலையைத் தின்று வளர்ந்தவைதான் தை மாதம் கிரிவலப் பாதையில் பறக்கின்றன. டிசம்பர் 31 அன்று பார்த்ததற்கு இல்லாத பலன் ஜனவரி 1 அன்று எங்கிருந்து வரும்?

கறுப்பைப் பழிப்பது இன்னும் அநியாயம். கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளோடு வருகிறதே, அது ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்தது. அந்த இலையின் நஞ்சு அதன் உடம்பில் இருக்கிறது. அந்த நிறம் பறவைகளுக்கு எச்சரிக்கை. உங்கள் வீட்டுக்குச் சாவுச் செய்தி அல்ல.

நம்பிக்கையே கூடாது என்று சொல்லவில்லை. இலங்கையில் வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போவதாகச் சொல்வார்கள். சிங்களத்தில் அந்த மலைக்கு 'சமனல கந்த' என்று பெயர். வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள் சொல்வதுண்டு. அந்தக் கதை பூச்சியை அடியாராகப் பார்க்கிறது. வாட்ஸ்அப் கதை லாட்டரிச் சீட்டாகப் பார்க்கிறது.

நம் அண்ணாமலையாருக்கு உகந்த கொன்றை, வில்வம், எருக்கு மூன்றுமே பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு உணவு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அப்படித்தான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கறிவேப்பிலையில் புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்கிறோம். கோடையில் மலைப்புல் தீப்பிடித்து எரிந்தால் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். பிறகு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்து பணம் தர வேண்டும் என்று காத்திருக்கிறோம்!

இனி அந்தச் செய்தியை எனக்கு அனுப்ப வேண்டாம். வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டுவையுங்கள். அந்தப் புழுவின் படத்தை அனுப்புங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.