பிள்ளைகள் பேசட்டும்!

பள்ளிக்கூடத்தில் 'புராஜெக்ட்' என்றால் என்ன நடக்கிறது? ராத்திரி 9 மணிக்கு அப்பா கடைக்கு ஓடி சார்ட், தெர்மாகோல் வாங்குகிறார். அம்மா வெட்டி ஒட்டுகிறார். பையன் தூங்கிவிடுகிறான்! மார்க் மட்டும் அவனுக்கு. அடுத்த மாதம் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேருகிறது.

அமெரிக்காவில் ஒமாகா நகர ஆரம்பப் பள்ளி ஒன்று 2005-லேயே வேறு வழி பிடித்தது. படித்ததைப் பிள்ளைகளே எழுதி, பேசி, பதிவு செய்து 'பாட்காஸ்ட்' ஆக வெளியிட்டார்கள். என்.பி.ஆர். வானொலி 2019-ல் மாணவர்களுக்குப் பாட்காஸ்ட் போட்டியே வைத்தது.

நம்ம சென்னைக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே சமுதாய வானொலி வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களில்தான் பெரும்பாலும் இன்னும் சார்ட்!

ஒரு செல்போன் போதுமே. காசிமேட்டுப் பிள்ளை, வலை பின்னும் தாத்தாவைப் பேட்டி எடுக்கட்டும். கொடுங்கையூர்ப் பிள்ளை, குப்பைமேட்டுப் பக்கம் குடியிருப்பது எப்படி என்று சொல்லட்டும். தெர்மாகோல் மாதிரி குரலை அப்பா ஒட்டித் தர முடியாது!

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. பிள்ளைகளின் முழுப்பெயர், விலாசம் வேண்டவே வேண்டாம்.

மாநகராட்சிப் பள்ளிகளில் மாதம் ஒரு பீரியடாவது இதற்கு ஒதுக்க அதிகாரிகள் உத்தரவு போடுவார்களா?