காலியிடத்துக்கும் பெயர் வேண்டும்

சி நிரல்மொழியில் வாக்கியத்தை அச்சிட உதவும் பிரிண்ட்எஃப் 1970-களில் வந்தது. வாக்கியத்தை முழுதாக எழுதி, மதிப்பு வந்து உட்கார வேண்டிய காலியிடத்தில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் போட்டால் போதும்: டி என்றால் முழு எண், எஸ் என்றால் சொற்சரம். வாக்கியம் உடையாமல் கண்முன் நிற்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். பின்னால் வந்த சி பிளஸ் பிளஸ், இரட்டை அம்புக்குறிகளால் வாக்கியத்தைத் துண்டு துண்டாகக் கோத்தது. 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் அதுவே முழு வாக்கிய வடிவத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆக, வடிவம் சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது: பிரிண்ட்எஃபின் காலியிடங்களுக்குப் பெயர் கிடையாது.

பணம் அனுப்பும் செயலி ஒன்றில் ‘ரிசீவ்ட் … ஃப்ரம் …’ என்று இரண்டு காலியிடங்களோடு ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் அனுப்பியவர் முதலில் வரவேண்டும், தொகை பிறகு, வினை கடைசியில். காலியிடங்களுக்கு ஒன்று, இரண்டு என எண் கொடுக்கும் வசதி யுனிக்ஸ் அமைப்புகளில் உண்டு. வரிசைச் சிக்கல் அதோடு தீர்ந்தது. எண்ணே போதாதா என்று கேட்பவர்கள் அந்த ‘ஃப்ரம்’மைக் கவனிக்க வேண்டும். ஆள் என்றால் குமாரிடமிருந்து. ஊர் என்றால் மதுரையிலிருந்து. இரண்டாம் எண் காலியிடத்தில் வரப்போவது ஆளா, ஊரா, வங்கிக் கிளையா என்று மொழிபெயர்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ‘அனுப்புநர்’ என்று பெயர் இருந்தால் தெரியும். பெயரும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ‘குமார் இடமிருந்து’ என்று உருபு பிரிந்து அச்சாகும் அவலம் தொடரத்தான் செய்யும். ஆனால் ‘அனுப்பியவர்: குமார்’ என்று வாக்கியத்தையே மாற்றி எழுதுவதற்காவது, அங்கே ஆள்தான் வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2016-இல் பைத்தான் நிரல்மொழியின் 3.6 பதிப்போடு வந்த, மாறியின் பெயரை வாக்கியத்துக்குள்ளேயே எழுதும் எஃப்-ஸ்டிரிங்கில்தான் பெயர் இருக்கிறதே என்பார்கள். எழுத அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் அந்த வரி ஓடும்போதே காலியிடம் நிரம்பிவிடுகிறது. தமிழ் வடிவத்துக்காக நிரல் மொழிபெயர்ப்புக் கோப்பில் தேடப்போகும் நேரத்தில் கையில் இருப்பது வார்ப்புரு அல்ல, குமாரும் 500 ரூபாயும் ஏறிவிட்ட வாக்கியம்; தேடினால் கிடைக்காது. பைத்தானிலேயே அதற்கு முந்தைய ஃபார்மேட் முறை பெயரும் தருகிறது, வார்ப்புருவையும் தனியே வைத்திருக்கிறது. 2025-இல் வந்த 3.14 பதிப்பின் டி-ஸ்டிரிங், வாக்கியத்தையும் மதிப்புகளையும் பிரித்தே கையில் கொடுக்கிறது; போக வேண்டிய திசை இதுதான். பெயர் வைத்தால் வரி நீள்கிறது என்ற புகார், பிழை தேடும்போது அவசரமாக அச்சிட்டுப் பார்க்கும் வரிகளுக்குப் பொருந்தும். அங்கே சுருக்கமே இருக்கட்டும். பயனர் படிக்கப்போகும் வாக்கியத்தை எழுதும் நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலியிடத்துக்கு எக்ஸ், ஒய் என்று வைக்காமல், அங்கே வரப்போவது ஆளா ஊரா என்று தெரியும்படி பெயர் வையுங்கள்.