லிபரல் என்று சொல்லத் தயங்க வேண்டாம்

1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ் தன் எதிராளியை மேடைக்கு மேடை ‘லிபரல்’ (தாராளவாதி) என்று வசைபாடினார். அந்த எதிராளி, மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ், அந்தக் கோடையில் கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னால் இருந்தவர். இது கொள்கைப் போட்டி அல்ல, திறமைப் போட்டி என்று கட்சி மாநாட்டிலேயே அவர் ஒதுங்கிக்கொண்டார். ரூஸ்வெல்ட், ட்ரூமன், கென்னடி வழியில் வந்த லிபரல்தான் நான் என்று அவர் வாய் திறந்தபோது வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. 40 மாநிலங்களில் தோற்றார்.

நான் அப்போது பாஸ்டனில் முதுகலை மாணவி. வாக்குரிமை கிடையாது, ஆனாலும் தினமும் அந்தத் தேர்தலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெயர்தான் அவரைக் கவிழ்த்தது என்று அன்று பலர் முடிவுகட்டினார்கள். மாதக்கணக்கில் அதை மறைத்ததுதான் கவிழ்த்தது என்பது என் கருத்து. அவர் பேசாமல் விட்ட நாட்களில் லிபரல் என்றால் யார் என்று எதிராளி நாட்டுக்கே பாடம் நடத்திவிட்டார்.

டுகாகிஸின் ஜனநாயகக் கட்சியோ அந்தத் தோல்வியிலிருந்து ஒளிந்துகொள்ளத்தான் கற்றது. 2007-ல் நீங்கள் லிபரலா என்று விவாத மேடையில் கேட்டபோது, முற்போக்குவாதி என்று சொல்லிக்கொள்வதையே விரும்புவதாக ஹிலாரி கிளின்டன் பதிலளித்தார். அதே கட்சியின் ஜான் கென்னடி 1960-ல் நியூயார்க்கின் லிபரல் கட்சி தந்த ஆதரவை மேடையேறி ஏற்று, லிபரல் என்பதில் பெருமை என்று பேசியவர்; வெள்ளை மாளிகைக்கும் போனவர்.

குடியுரிமை பெற்ற பிறகு நியூஜெர்சியில் தேர்தல் தோறும் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிறேன். ஒரு பெரியவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, லிபரல்களுக்கு என் ஓட்டு இல்லை என்றார். பேச்சு வளர்ந்ததில், அவருடைய இதய அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பங்கு பணம் கட்டியது மெடிகேர் என்று தெரிந்தது. அந்த முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965-ல் கையெழுத்திட்டார்; முதல் அட்டையை முன்னாள் அதிபர் ட்ரூமனிடம் கொடுத்தார். இருவருமே டுகாகிஸ் பேசிய அதே மரபில் வந்தவர்கள். இதை அந்தப் பெரியவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் தங்கள் பெயரையே மறைத்துத் திரிந்தார்கள்.

எங்களைப் போன்ற தமிழர்கள் அமெரிக்காவில் குடியேற முடிந்ததும் அந்த மரபால்தான். 1965-க்கு முன் இந்தியாவுக்கான குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் அந்த முறையை ஒழித்தது அதே ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம்தான். அந்த நன்றி எனக்கு உண்டு; அதை மறைக்க மாட்டேன்.

பழமைவாத மாநிலங்களில் இந்தப் பெயரோடு நின்றால் தோற்போம் என்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்த ஜோ மான்சின் தன்னை லிபரல் என்று சொல்லிக்கொள்ளவில்லை; உண்மையிலேயே அவர் லிபரல் அல்ல. அது நேர்மை. என் குறை, உள்ளே ஒன்றை நம்பிக்கொண்டு வெளியே அதை மறுப்பவர்களிடம்தான். மினசோட்டாவின் செனட்டர் பால் வெல்ஸ்டோனை 1996-ல் சங்கடப்படுத்தும் அளவுக்கு லிபரல் என்று விளம்பரம் போட்டுத் தாக்கினார்கள். ஏழைகளுக்கான உதவித்தொகையை வெட்டும் மசோதா அந்த ஆண்டு வாக்கெடுப்புக்கு வந்தது. மறுதேர்தலைச் சந்திக்கவிருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் அதை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். அப்படியும் சுமார் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரோடு உடன்படாதவர்களுக்கும் அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்திருந்தது.

காலப் கணக்கெடுப்பில் 1992-ல் தங்களை லிபரல் என்று சொன்ன அமெரிக்கர்கள் 17 சதவீதம். அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 25. இன்றும் பழமைவாதிகள்தான் அதிகம். ஆகவே பெயரைச் சொன்னாலே வெற்றி வந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. தொண்டர்களும் வாக்காளர்களும் கூசாமல் சொல்லத் தொடங்கிய பெயரைத் தலைவர்கள் சொல்ல அஞ்சுவதுதான் தவறு.

நீங்கள் லிபரலா என்று அடுத்த விவாத மேடையில் கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். மெடிகேர், வாக்குரிமைச் சட்டம், முதியோர் ஓய்வூதியம் என்று சாதனைகளை அதே மூச்சில் அடுக்குங்கள். வாக்காளர் அப்போதும் உங்களை நிராகரிக்கலாம்; அது அவர் உரிமை. ஆனால் எதை நிராகரிக்கிறோம் என்பது தெரிந்து நிராகரிப்பார். அந்தத் தெளிவைத் தருவது உங்கள் கடமை.