நீடிப்பு யாருக்கு? நாற்றம் யாருக்கு?

"தற்காலிகம்" என்னும் சொல்லைப் போல் இந்நாட்டு மக்களை ஏமாற்றிய சொல் வேறொன்றில்லை. கொழும்பு மாநகரின் குப்பை வரலாறே இதற்குச் சான்று.

புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்ட 2009 ஆம் ஆண்டில், கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையில் 2 ஏக்கர் நிலத்தில் குப்பை கொட்ட இடமளிக்கப்பட்டது. தற்காலிகமாகத்தான்! அந்த 2 ஏக்கர் பின்னர் 20 ஏக்கர் ஆயிற்று. தற்காலிகம் எட்டாண்டு நீண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் குப்பை அங்கே குவிந்து மலையாக எழுந்தது. அயலில் வாழ்ந்த ஏழை மக்கள் முறையிட்டனர், மறியல் செய்தனர். கேட்பார் இல்லை. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அம்மலை சரிந்தது. 32 உயிர்கள் மடிந்தன. குப்பையைக் கொட்டியது கொழும்பு. பிணத்தைச் சுமந்தது கொலன்னாவை!

இதனை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. குப்பை சேகரிக்கும் பணியின் ஒரு பகுதியை மாநகரசபை தனியாரிடம் ஒப்படைத்த காலந்தொட்டு, ஒப்பந்தம் முடியும் வேளையிலெல்லாம் ஒரே கேள்வி எழுகின்றது: நீடிப்பதா, விடுவதா? சபையில் அக்கேள்வி வரும் நேரத்தைக் கவனியுங்கள். காலம் முடிய ஆறு மாதம் இருக்கையில் வந்தால் புதிய கேள்விப்பத்திரம் கோரலாம், விலைகளை ஒப்பிடலாம். ஆறு நாள் இருக்கையில் வந்தால், "நாளை குப்பையை அள்ளுவது யார்?" என்ற அச்சத்திலேயே உறுப்பினர் கைகள் உயர்ந்துவிடும். அச்சத்தில் உயரும் கை ஆராய்ந்து உயர்ந்த கை ஆகுமா?

தனியாரே கூடாதென்று நாம் வாதாடவில்லை. சபை ஊழியரெல்லாம் சோம்பேறிகள், தனியாரெல்லாம் திறமைசாலிகள் என்ற வாதத்தையும் நாம் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதே நம் கேள்வி. அள்ளும் எடைக்குப் பணம் என்று எழுதப்பட்டிருந்தால், குப்பை பெருகப் பெருக ஒப்பந்தக்காரருக்கு இலாபம். மாரி மழையில் நனைந்த குப்பைக்கு எடை கூடுதல்; நீருக்கும் மக்கள் வரிப்பணம் கூலி கொடுக்கின்றது! உக்குவதையும் உக்காததையும் வேறாக்கி எடையைக் குறைக்க அவர் எதற்காக முன்வருவார்? அவர்மீது குற்றமில்லை. அவ்வாறு எழுதிக் கையொப்பமிட்ட சபைமீதே குற்றம்.

குப்பை எவருடையது? வீட்டிலும் வீதியிலும் சேகரிக்கப்படும் குப்பை சபையின் உடைமை. அதனை விற்கவும் அகற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு என்று மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. உடைமை என்று சட்டம் சொன்னதைச் சுமையென்று கருதி, காசு கொடுத்துத் தூர எறிவதே நம் நிர்வாகமாகிவிட்டது.

இந்நாட்டு நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கும் பொருள். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த அரசு, சேதனப் பசளைக்கு மாறுமாறு கமக்காரனுக்குக் கட்டளையிட்டது. வயல் காய்ந்தது, விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு முடியுமுன் தடையும் தளர்ந்தது. கூட்டெரு ஒன்றே யூரியாவுக்கு ஈடாகாது என்பதைக் கமக்காரன் அறிவான். ஆனால் நிலத்துக்கு உரமூட்டக்கூடிய பொருளை நகரங்கள் பிளாஸ்டிக்கோடு கலந்து பாழாக்கியதை அவன் மன்னிப்பானா?

மீதொட்டமுல்லைக்குப் பின் கொழும்பு என்ன கற்றது? 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் தொடங்கப்பட்டது. ஈரக்குப்பை நன்றாக எரியாது. ஆகவே அங்கேயும் தரம்பிரித்தலே முதற்றேவை. அதற்கு முன்னரே, 2019 இல், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில் புத்தளத்து அருவக்காலுவுக்குக் குப்பை லொறிகள் புறப்பட்டன. தமிழ்பேசும் முஸ்லிம்களும் ஏனையோரும் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தனர். எங்கள் ஊர் உங்கள் குப்பைத்தொட்டியா என்று அவர்கள் கேட்டதில் என்ன தவறு?

கொழும்பைப் பழிப்பதோடு நின்றால் நாமும் பொய்யராவோம். யாழ்ப்பாண நகரின் குப்பை எங்கே போகின்றது? நகர எல்லைக்கு வெளியே, கல்லுண்டாய் வெளிக்கு! அங்கே தீ மூளும் நாளில் புகையைச் சுவாசிப்பவர் நகரசபை மண்டபத்தில் இருப்பவரா? குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் நீர். மேலே கொட்டுவது கீழே இறங்கும். தோட்டக்காரன் அதையே இறைக்கின்றான். மருத்துவரும் வழக்கறிஞரும் அதையே அருந்துகின்றனர். கொலன்னாவைக்காகக் கண்ணீர் விடும் உரிமை கல்லுண்டாயைத் திரும்பிப் பார்ப்பவர்க்கே உண்டு.

ஆகவே கொழும்பாயினும் யாழ்ப்பாணமாயினும், பழைய நிபந்தனைகளோடு நீடிப்பு என்பதற்கு நம் விடை ஒன்றே: வேண்டாம்! வேறு வழியின்றி நீடித்தால் சில மாதங்களுக்கு மட்டும் நீடியுங்கள். முடிவுநாளைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். அள்ளிய எடைக்கன்றி, தரம்பிரித்துக் கொட்டுமிடம் சேராமல் காத்த எடைக்கு வெகுமதி கொடுங்கள். கையுறையும் காலணியுமின்றி அழுக்கில் இறங்கும் தொழிலாளியின் கூலியையும் பாதுகாப்பையும் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் வையுங்கள்.

படித்தவர்களே! 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் சபையின் குப்பை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கமக்காரர்களே! உங்களுக்குச் சேரவேண்டிய எரு எங்கே போகின்றதென்று சபை உறுப்பினரிடம் கேளுங்கள். கேளாத மக்களின் பெயரால் எதனையும் நீடிக்கலாம். கேட்கும் மக்களின் முன்னே குப்பைமேடும் நீடிக்காது. அதனை வளர்த்த நிர்வாகமும் நீடிக்காது!